தப்பித்தோம் என்று மகிழலாமா?

சென்ற மாதம் ஒரு நிக்காஹ் மஜ்லிஸ். துஆ முடிந்து சாப்பாட்டு சஹனைச் சுற்றி அமர்ந்திருந்தோம். சிங்கப்பூரில் கடை வைத்திருக்கும் வியாபாரி ஒருவர் என் காதருகே குனிந்தார்.

"ஹஸ்ரத், மகனுக்கு பி.ஆர். எடுக்கலாம்னு இருக்கேன். ஆனா பையனைப் பட்டாளத்துக்கு அனுப்ப மனசில்லை. பி.ஆரும் வேணும், பட்டாளமும் கூடாது. ஏதாவது வழி இருக்கா?"

பக்கத்தில் இருந்தவர் முந்திக்கொண்டார். "சரியான ஆளைத்தான் கேக்குறீங்க! ஹஸ்ரத்தே அதுல தப்பிச்ச ஆளுதானே!"

சஹனைச் சுற்றி ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன். ஆனால் வாயில் வைத்த சோறு உள்ளே இறங்கவில்லை.

ஆம், நான் தப்பித்தவன்தான். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரே ஒரு இரவு வித்தியாசத்தில் தப்பித்தவன். அதைப் பல மேடைகளில் நகைச்சுவையாகச் சொல்லியும் இருக்கிறேன். அன்று தப்பித்தது எதிலிருந்து, இழந்தது எதை என்பதை இப்போதாவது திறந்து சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. நம் வாலிபர்களுக்கும் வியாபாரப் பெருமக்களுக்கும் அது பயன்படும் என்று நம்புகிறேன்.

அந்த ரமளான் இரவு

1995ஆம் ஆண்டு. எனக்கு வயது 16. மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்தேன். நாகை மாவட்டத்துக் கரையோர ஊர்களில் சபுராளி இல்லாத வீடு ஏது? என் வாப்பாவும் சபுராளிதான். சிங்கப்பூர் சிராங்கூன் சாலைப் பக்கம் சிறிய மளிகைக் கடை. நிரந்தரவாசிகளுக்குரிய நீல அடையாள அட்டை அவரிடம் இருந்தது. ரமளான் விடுமுறைக்கு உம்மாவும் நானும் விசிட் பாஸில் போயிருந்தோம்.

டன்லப் தெரு அப்துல் கஃபூர் பள்ளியில் தராவீஹ் முடித்துவிட்டு வந்தோம். கடைக்கு மேலே இருந்த அறையில் வாப்பா காகிதங்களைப் பரப்பி வைத்திருந்தார். உம்மாவுக்கும் எனக்கும் பி.ஆர். கேட்கும் மனு. எல்லாம் நிரப்பியாகிவிட்டது. விடிந்தால் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதுதான்.

கணக்கு எழுத வரும் பெரியவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பையனுக்கு 16 ஆகுதே பாய். இது பாஸானா அடுத்து எந்த ஆபீஸ்ல இருந்து தபால் வரும்னு தெரியுமா?"

"தெரியும். தெரிஞ்சுதான் எழுதியிருக்கேன்" என்றார் வாப்பா.

உம்மாவுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. பெற்றோரின் பெயரில் பி.ஆர். வாங்கும் பையன் பதினாறரை வயதில் பெயர் பதிய வேண்டும். மருத்துவச் சோதனை நடக்கும். 18 வயதில் தேசிய சேவைக்கு அழைப்பு வரும். அன்றைய விதிப்படி, தகுதியைப் பொறுத்து இரண்டு அல்லது இரண்டரை ஆண்டுகள். 2004இல்தான் அது அனைவருக்கும் இரண்டு ஆண்டுகள் என்று ஆக்கப்பட்டது. அதோடும் முடியாது. சாதாரண வீரருக்கு 40 வயது வரை, அதிகாரிகளுக்கு 50 வயது வரை, அழைத்தபோதெல்லாம் பயிற்சிக்குப் போக வேண்டும்.

உம்மா அழுதார். ஆலிமாக வேண்டிய பிள்ளையின் கையில் துப்பாக்கியா என்று கேட்டார். நானோ அழவில்லை. ஓதிய பிள்ளையல்லவா! ஹதீஸையே எடுத்து வைத்தேன்.

ஒரு மனிதர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து ஜிஹாதுக்கு அனுமதி கேட்டார். உன் பெற்றோர் உயிரோடு இருக்கிறார்களா என்று நபியவர்கள் கேட்டார்கள். ஆம் என்றதும், அவர்களுக்குப் பணிவிடை செய்வதிலேயே பாடுபடு என்று திருப்பி அனுப்பினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான ஹதீஸ் இது. "மார்க்கப் போருக்கே இந்தச் சட்டம் என்றால், ஒரு நாட்டுப் பட்டாளத்துக்கு நான் எப்படிப் போவது?" என்று கேட்டேன்.

வாப்பா என்னை நெடுநேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. காகிதங்களை மடித்துப் பேரேட்டுக்குள் வைத்தார். அந்த மனு கடைசிவரை எந்த அலுவலகத்துக்கும் போகவில்லை.

ஊருக்கு வந்ததும் உம்மா பள்ளிவாசலில் நார்சா கொடுத்தார். தப்பித்தோமல்லவா!

ஏன் வந்தது அந்தச் சட்டம்?

1965 ஆகஸ்ட் 9இல் மலேசியாவிலிருந்து சிங்கப்பூர் பிரிந்தபோது அதனிடம் இருந்தவை இரண்டே காலாட்படைப் பிரிவுகள். காவலுக்கு இருந்த பிரிட்டிஷ் படையும் மூட்டை கட்டப் போகிறது என்பது விரைவிலேயே தெரிந்துவிட்டது. சம்பளம் கொடுத்துப் பெரும் படை வைக்க அந்தச் சின்னஞ்சிறு நாட்டுக்குக் கட்டுப்படியாகாது. எனவே 1967 மார்ச்சில் சட்டம் திருத்தப்பட்டது. 1949இன் முதல் ஆறு மாதங்களில் பிறந்த சுமார் 9,000 வாலிபர்கள் பெயர் பதிய அழைக்கப்பட்டார்கள். அவர்களில் பத்தில் ஒரு பங்கினர் முழுநேரப் பட்டாளத்துக்குப் போனார்கள். பிறகு ஆண்டுதோறும் வலை விரிந்தது.

சீனர் வீட்டிலும் அழுகைதான், தமிழர் வீட்டிலும் அழுகைதான். பெற்ற வயிறு எங்கும் ஒன்றுதானே!

மாமா மகன் போனான்

எங்கள் வீட்டில் மடிந்த காகிதம் என் மாமா வீட்டில் மடியவில்லை. அவரும் அதே சிராங்கூன் வட்டாரத்து வியாபாரிதான். மகனுக்கு என் வயது. மனு போனது, பி.ஆர். வந்தது, பின்னாலேயே அழைப்பும் வந்தது. மச்சான் போனான்.

ஊரில் எல்லோரும் அவனுக்காகப் பரிதாபப்பட்டார்கள். அங்கே தொழ முடியாது, ஹலால் சோறு கிடைக்காது, பிள்ளை மார்க்கத்தை விட்டே போய்விடுவான் என்று பேசினார்கள். நானும் பேசினேன்.

நடந்ததோ வேறு. அவனை அனுப்பியது குடிமைத் தற்காப்புப் படைக்கு. தீயணைப்பதும் இடிபாடுகளில் சிக்கியவர்களை மீட்பதும் அங்கே வேலை. துப்பாக்கியைவிடத் தண்ணீர்க் குழாயைத்தான் அதிகம் தூக்கினான். முஸ்லிம்களுக்குத் தனிச் சமையல் இருந்தது. நோன்பும் வைத்தான். முதல் வாரம் இரவெல்லாம் அழுததாகப் பிறகு அவனே சொன்னான்.

அந்தப் படையின் வேலை என்னவென்று சிராங்கூன் சாலைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1986 மார்ச் 15 அன்று அதே சாலையில், ஓவன் சாலை சந்திப்பில் இருந்த நியூ வேர்ல்டு ஹோட்டல் கட்டடம் சரிந்து விழுந்தது. 33 பேர் இறந்தார்கள். 17 பேர் உயிரோடு மீட்கப்பட்டார்கள். ராணுவமும் தீயணைப்புத் துறையும் குடிமைத் தற்காப்புப் படையும் பல நாள் பாடுபட்டு மீட்டவர்கள் அவர்கள். வாப்பா அந்த நாட்களில் கூட்டத்தோடு நின்று பார்த்தவர். "உள்ளே நுழைஞ்சவன் எந்த சாதி, எந்த மதம்னு இடிபாட்டுக்குள்ள கிடந்தவன் கேக்கலை" என்று சொல்வார். தெரிந்துதான் எழுதியிருக்கேன் என்று அவர் அன்றிரவு சொன்னதன் பொருள் எனக்கு வெகுகாலம் கழித்தே விளங்கியது.

ஹதீஸைச் சொன்னேன், செய்தேனா?

சகோதரர்களே! இனி சொல்லப் போவது எனக்கு எளிதானதல்ல.

பெற்றோருக்குப் பணிவிடை என்று சொல்லித்தானே தப்பித்தேன்? அந்தப் பணிவிடையைச் செய்தேனா? எனக்கு பி.ஆர். இல்லை, உம்மாவுக்கும் இல்லை. எனவே வாப்பா மேலும் எட்டு ஆண்டுகள் அந்த மேல்மாடி அறையில் தனியாகவே கிடந்தார். நான் மதரஸாவில் இருந்தேன். பிறகு ஸனது வாங்கினேன். பிறகு இயக்கம், பயான், ஊர் ஊராகக் கூட்டம். மாதம் ஒரு கடிதம் எழுதினால் அதிகம். பெற்றோரைப் பேணுவது பற்றி நான் ஜும்ஆ மேடையில் உருகிப் பேசிய நாட்களில், என் வாப்பா அங்கே தானே சமைத்துத் தானே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

2003இல் அவர் அங்கே மருத்துவமனையில் படுத்தார். எனக்கு விசா கிடைத்துப் போய்ச் சேரப் பதினொரு நாளாயிற்று. அந்தப் பதினொரு நாளும் அவரைத் தூக்கி உட்கார வைத்து, ஒளுச் செய்ய வைத்து, கால் கழுவிவிட்டவன் யார்? பட்டாளத்துக்குப் போய் மார்க்கத்தை விட்டுவிடுவான் என்று நாங்கள் பரிதாபப்பட்ட அந்த மச்சான்தான்!

நாட்டுக்குக் கொடுத்தவன் என் வாப்பாவுக்கும் கொடுத்தான். இரண்டுக்கும் கொடுக்காமல் ஹதீஸை மட்டும் சொன்னவன் நான்.

ஊருக்குத் திரும்பிய பிறகு வாப்பா அந்த மனுவைப் பற்றி ஒரே ஒரு முறைதான் பேசினார். "இருபத்தெட்டு வருஷம் அந்த ஊர்ச் சோறு தின்னேன் தம்பி. திருப்பிக் கொடுக்க என்கிட்ட இருந்தது நீ ஒருத்தன்தான்." அவ்வளவே. கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அழைக்கப்படாதவர்களின் கதை

பட்டாளத்துக்குப் போகாமலிருப்பது பாக்கியம் என்று நினைப்பவர்கள் அதே சிங்கப்பூரின் மலாய் முஸ்லிம்களுடைய கதையைக் கேட்க வேண்டும்.

பிரிட்டிஷார் காலத்தில் காவல்துறையிலும் படையிலும் மலாய்க்காரர்கள் பெருமளவில் இருந்தார்கள். 1967இல் கட்டாய சேவை வந்தது. ஆனால் ஏறத்தாழ பத்து ஆண்டுகள், 1977 வரை, மலாய் வாலிபர்கள் பெரும்பாலும் அழைக்கப்படவே இல்லை. இரு பக்கமும் முஸ்லிம் பெரும்பான்மை நாடுகள் இருக்க, இவர்கள் யார் பக்கம் நிற்பார்கள் என்ற சந்தேகம்தான் காரணம்.

தாய்மார்கள் நார்சா கொடுத்தார்களா? இல்லை, துயரம்தான் வந்தது. சேவை முடித்தாயா, விலக்குப் பெற்றாயா என்று கேட்காமல் முதலாளிகள் வேலை தரத் தயங்கினார்கள். இவர்களோ சேவை முடித்தவர்களும் அல்லர், விலக்குப் பெற்றவர்களும் அல்லர். நாளைக்கே அழைப்பு வந்துவிட்டால் என்ற தயக்கத்தில் தொழில் கற்றுக்கொடுக்கவும் ஆளில்லை. ஒரு தலைமுறை வாலிபர்கள் வேலைச் சந்தையின் வாசலில் நின்றார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சிங்கப்பூர்ப் படையின் அணிவகுப்புக் கட்டளைகள் இன்றும் மலாய் மொழியில்தான். சீனப் பையனும் தமிழ்ப் பையனும் 'செடியா' என்றால் விறைத்து நிற்கிறார்கள். மொழி அணிவகுப்பில் நின்றது, அந்த மொழிக்குரியவன் வெளியே நின்றான்!

1987இல் அன்றைய இரண்டாம் பாதுகாப்பு அமைச்சர் லீ சியன் லூங், நாட்டுப் பற்றும் மதப் பற்றும் மோதக்கூடிய நிலையில் எந்த வீரரையும் வைக்க விரும்பவில்லை என்ற பொருளில் வெளிப்படையாகவே பேசினார். 1999இல் லீ குவான் யூவும் அதே கவலையைச் சொன்னார். அந்தச் சமுதாயம் கசப்போடு கேட்டுக்கொண்டது. ஆனாலும் அவர்கள் பிள்ளைகளை ஒளித்துவைக்கவில்லை. எங்களையும் நம்புங்கள், எங்களையும் அழையுங்கள் என்றே கேட்டுவந்தார்கள். கதவு மெல்லத் திறந்தது. 2009இல் இஷாக் இஸ்மாயில் பிரிகேடியர் ஜெனரல் ஆனார். அந்நாட்டுப் படையில் அந்தப் பதவியைத் தொட்ட முதல் மலாய்க்காரர் அவர்.

அழைக்கப்படாமல் இருப்பது விடுதலை அல்ல சகோதரர்களே! பல நேரங்களில் அதற்குப் பெயர் புறக்கணிப்பு.

மறுப்பது வேறு, நழுவுவது வேறு

அப்படியானால் எந்தப் பட்டாளம் அழைத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு போக வேண்டுமா? இல்லை! ஒருவனை அவன் மனசாட்சிக்கு விரோதமாகக் கொலைக்களத்துக்குத் தள்ளும் உரிமை எந்த அரசுக்கும் இல்லை என்பதே என் கருத்து. சிங்கப்பூர்ச் சட்டம் மனசாட்சி மறுப்பை ஏற்பதில்லை. அங்கே ஜெஹோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவு வாலிபர்கள் ஆயுதம் எடுக்க மாட்டோம் என்று சொல்லி ராணுவத் தடுப்பு முகாமில் அடைபடுகிறார்கள். நமக்கு அவர்கள் கொள்கையில் உடன்பாடில்லை. ஆனால் விலை கொடுத்து மறுக்கிறார்களே, அந்த நேர்மையை மறுக்க முடியுமா?

சிங்கப்பூரில் சட்டம் வந்த அதே 1967இல்தான் முஹம்மது அலியின் சோதனையும் வந்தது. ஏப்ரல் 28 அன்று ஹூஸ்டன் நகரில் அவருடைய பழைய பெயரைச் சொல்லி அழைத்தார்கள். அவர் முன்னே வரவில்லை. வியட்நாமில் போய்ச் சுட மாட்டேன் என்றார். உலக சாம்பியன் பட்டம் பறிபோனது. ஐந்து ஆண்டு சிறை, பத்தாயிரம் டாலர் அபராதம் என்று தீர்ப்பானது. மேல்முறையீட்டால் சிறைக்குப் போகவில்லை என்றாலும், உடல் உச்சத்தில் இருந்த மூன்றரை ஆண்டுகள் மேடையேற முடியவில்லை. 1971 ஜூன் 28 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8-0 என்று தண்டனையை ரத்து செய்தது.

அவர் ஓடவில்லை, ஒளியவில்லை. பெயர் சொல்லி அழைத்த இடத்துக்கே போய், நின்று, மறுத்தார். நானோ பேரேட்டுக்குள் மடித்து வைத்தேன். இரண்டும் ஒன்றாகுமா?

நம் மார்க்கம் இதில் தெளிவாக இருக்கிறது. ஹுதைஃபா (ரலி) அவர்களும் அவர்களுடைய தந்தையும் மதீனா வரும் வழியில் குறைஷிகளிடம் பிடிபட்டார்கள். முஹம்மதோடு சேர்ந்து போரிட மாட்டோம் என்று வாக்குக் கொடுத்த பிறகே விடுபட்டார்கள். வந்து விஷயத்தைச் சொன்னபோது, பத்ருக்கு ஆள் குறைவாக இருந்தும், நபி (ஸல்) அவர்கள் அந்த வாக்கை நிறைவேற்றச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எதிரிக்குக் கொடுத்த வாக்குக்கே இவ்வளவு மதிப்பு! அப்படியிருக்க, சோறு போடும் நாட்டுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்குக்கு எவ்வளவு மதிப்பு? ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே நமக்குக் கட்டளையிடுகிறது.

நாம் செய்ய வேண்டியது

வாலிபர்களே! நம் இந்தியாவில் கட்டாய ராணுவ சேவை கிடையாது. அழைப்பு வராது, நாம்தான் போக வேண்டும். 2006இல் வந்த சச்சார் குழு அறிக்கை, அரசு வேலையிலும் காவல்துறையிலும் நம் பங்கு நம் மக்கள் தொகைக்கு மிகவும் கீழே இருப்பதை எடுத்துக்காட்டியது. அதில் பாரபட்சம் உண்டு. அதைத் தட்டிக் கேட்கிறோம், இன்னும் கேட்போம். ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டாமா? தமிழ்நாட்டில் 2007இல் 3.5 சதவீத தனி இடஒதுக்கீடு கிடைத்தது. காவலர் தேர்வு அறிவிப்பு வரும்போது நம் மஹல்லாவிலிருந்து எத்தனை விண்ணப்பம் போகிறது? நமக்கெல்லாம் எங்கே கிடைக்கும் என்று சொல்லிவிட்டு துபாய் விசாவுக்கு அலைகிறோம். 1948இல் காஷ்மீர்ப் போர்முனையில் பிரிகேடியர் உஸ்மானும், 1965இல் கேம்கரண் களத்தில் அப்துல் ஹமீதும் உயிர் கொடுத்ததை மேடைதோறும் முழங்குகிறோம். அவர்கள் பெயரைச் சொல்லும் வீட்டிலிருந்து ஒரு காவலராவது வர வேண்டாமா?

இன்னொரு எச்சரிக்கை. கட்டாய சேவை இல்லாத நாட்டுப் பிள்ளைகளும் ஏமாந்து போர்க்களம் போகிறார்கள். உதவியாளர் வேலை, நல்ல சம்பளம் என்று ஏஜெண்டுகள் சொன்னதை நம்பி ரஷ்யா போன இந்திய வாலிபர்கள், உக்ரைன் போர்முனைக்குத் தள்ளப்பட்டார்கள். சிலர் மய்யித்தாகத்தான் திரும்பினார்கள். 2024 மார்ச்சில் சி.பி.ஐ. வழக்குப் பதிந்தது. அவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. புரியாத மொழியில் எழுதிய காகிதத்தில் கையெழுத்துப் போடாதே! எந்த ஏஜெண்டு எவ்வளவு பெரிய தொப்பி போட்டிருந்தாலும் சரி, படித்துச் சொல்ல ஆள் தேடு, பிறகு போடு.

வியாபாரப் பெருமக்களே! பி.ஆர். எடுப்பது ஹராம் அல்ல. எடுக்காமல் இருப்பதும் குற்றமல்ல. ஆனால் பள்ளிக்கூடச் சலுகைக்கும் வீட்டுக்கும் பி.ஆர். எடுத்துவிட்டு, 18 வயது வந்ததும் பையனை ஊருக்கு நழுவவிடுவது வியாபாரத்திலும் நேர்மையல்ல, மார்க்கத்திலும் நேர்மையல்ல. அனுமதி இல்லாமல் வெளியே போனால் பத்தாயிரம் வெள்ளி வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை என்று சட்டம் இருக்கிறது. சேவை செய்யாமல் பி.ஆரைக் கைவிட்டால் பிறகு படிப்புக்கோ வேலைக்கோ அங்கே மனுச் செய்யும்போது அது குறுக்கே வரும். இதெல்லாம் துன்யாவின் கணக்கு. வாக்கு மீறியதற்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளையைக் கேளுங்கள். போகப் போவது அவன். தெரிந்து போகட்டும், அல்லது தெரிந்து மறுக்கட்டும்.

அந்த நிக்காஹ் மஜ்லிஸில் வியாபாரி கேட்ட கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். பி.ஆரும் வேண்டும், பட்டாளமும் கூடாது என்பதற்கு என்னிடம் வழியில்லை பாய். என்னைப் போல் தப்பிக்க ஆசைப்பட வேண்டாம். நான் தப்பித்ததற்கான விலையை என் வாப்பா கொடுத்தார்.

மச்சானை அண்மையில் பார்த்தபோது கேட்டேன், அந்த ஆண்டுகள் வீணாகிவிட்டதாக நினைக்கிறாயா என்று. "ரெண்டரை வருஷம் போனது போனதுதான் மச்சான். கூடப் படிச்ச பொண்ணுங்க எல்லாம் எனக்கு முந்தி வேலைக்குப் போயிட்டாங்க, அந்த வயித்தெரிச்சல் இன்னும் இருக்கு. ஆனா இந்த ஊர்ல எவனும் என்னைப் பார்த்து, நீ யாருன்னு கேக்க முடியாது" என்றான்.

நீ யார் என்ற கேள்வியை இந்த மண்ணில் தினம் தினம் சந்திக்கும் சமுதாயம் நாம். கடமையில் முன்னே நின்று, உரிமையை உரக்கக் கேட்டு, அந்தக் கேள்வியின் வாயை அடைக்கும் வாலிபர்களாக நம் பிள்ளைகளை வல்ல அல்லாஹ் ஆக்குவானாக! என் வாப்பாவின் பிழைகளையும், அவருக்கு நான் செய்யத் தவறியவற்றையும் அவன் மன்னிப்பானாக! ஆமீன்.